டெல்லி வெயிலில் பழைய கார் 'ஹீட்' ஆவது ஏன்? ஹெட்டை இறக்கும் முன் நீங்களே கண்டுபிடிக்கும் வழி

2024 மே 29. சரோஜினி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அன்று பதிவான வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ். அந்த நிலையத்தில் 79 ஆண்டுகளில் இல்லாத சூடு. 1944 மே 29-ல் பதிவான 47.2 டிகிரிதான் அங்கே இன்றுவரை உச்சம்.

இப்படிப்பட்ட ஒரு நாளில், தாத்தா விட்டுப்போன அம்பாசடரையோ, அப்பா ஆசையாகப் பாதுகாத்த பிரீமியர் பத்மினியையோ எடுத்துக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட் பக்கம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முன்னால் ஆட்டோ, பின்னால் பேருந்து. டாஷ்போர்டில் முள் மெதுவாகச் சிவப்பை நோக்கி ஏறுகிறது. பானெட் ஓரத்தில் ஆவி.

தள்ளிக்கொண்டு போய் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டால், பல நேரம் வரும் முதல் தீர்ப்பு, 'ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்' என்பதுதான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காரணம் ஒரு தளர்ந்த பெல்ட்டாகவோ, ரப்பர் செத்துப்போன ரேடியேட்டர் மூடியாகவோ இருந்தால்? தேவையே இல்லாமல் என்ஜினைத் திறந்ததாகிவிடும். 50 வருஷம் ஒழுங்காக இருந்த போல்ட்கள் முறியலாம். செலவும் ஆகும், பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

பழைய கார்களில் ஒரு வசதி உண்டு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் வலைப்பின்னல் கிடையாது. கண், காது, மூக்கு, கொஞ்சம் பொறுமை இருந்தால் பாதிக்கு மேல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், ரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்யணும்?

முள் ஏறுவதைப் பார்த்ததும் ஏசி இருந்தால் அணைத்துவிடுங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழு வேகத்தில் போடுங்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும், மே மாசத்தில் ஹீட்டரா என்று. ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். என்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது காருக்குள் கொண்டுவந்து கொட்டும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது உதவும்.

ஆவி வருகிறது, அல்லது முள் சிவப்பில் இருக்கிறது என்றால் ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டிய தூரத்தில்தான் பல ஹெட்கள் வளைந்திருக்கின்றன.

அடுத்தது மிக முக்கியம்: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து உங்கள் முகத்துக்கும் கைக்கும் பாயும். கையில் துணி சுற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குறைந்தது 40 நிமிடம் காத்திருங்கள். மேல் ஓஸ் பைப்பை லேசாக அமுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று ஆன பிறகு, தடித்த துணியை வைத்து, மூடியை முதல் நிறுத்தம்வரை மட்டும் திருப்பி, 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகு முழுசாகத் திறங்கள்.

கொதித்த என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதும் ஆபத்து. அம்பாசடரின் பழைய 1489 சிசி என்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூடான வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம். ஆறிய பிறகு, என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அரை லிட்டரா, மூணு லிட்டரா என்பது பின்னால் தேவைப்படும் தகவல்.

நிஜமாகவே சூடாகிறதா?

இது அபத்தமான கேள்வி இல்லை. 40, 50 வயதான காரில் முள் பொய் சொல்வது சாதாரணம்.

சில பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் ஒரே ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வழியாகத்தான் மின்சாரம் போகும். அது கெட்டுப்போனால் இரண்டு முள்களும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது முள் 'ஃபுல்' என்று சொல்லி, வெப்ப முள்ளும் மேலே நின்றால், என்ஜினைச் சந்தேகிக்கும் முன் ஸ்டெபிலைசரையும் எர்த் ஒயரையும் பாருங்கள்.

உறுதிப்படுத்த எளிய வழி, கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்திலோ குரோமிலோ அது தப்பாகக் காட்டும் என்பதால், கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில் அளப்பது நல்லது. 85 முதல் 95 டிகிரி என்றால் பெரும்பாலான என்ஜின்களுக்கு அது இயல்பான வேலைச் சூடு.

இன்னொரு குழப்பமும் உண்டு. மத்தியான வெயிலில் சிக்னலில் நின்ற கார் திக்கித் திணறி அணைந்துவிடுகிறது. 20 நிமிடம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. 'ஹீட் ஆகி நின்னுடுச்சு' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முள் நடுவில்தான் இருந்தது, தண்ணீரும் குறையவில்லை. இது பெரும்பாலும் 'வேப்பர் லாக்'. பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போடுவது இதற்காகத்தான். நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து விலக்கி அமைப்பது, நடுவில் ஒரு தகடு வைப்பது.

என்ஜினை அணைத்த பிறகு சில நிமிடங்களுக்கு முள் கொஞ்சம் ஏறுவதும் இயல்புதான். பம்ப் நின்றுவிட்டதால் உலோகத்தில் இருக்கும் சூடு அங்கேயே நிற்கும் தண்ணீரில் இறங்குகிறது, அவ்வளவுதான்.

எப்போது சூடாகிறது? இதுதான் முக்கியமான கேள்வி

'காடி கரம் ஹோ ரஹீ ஹை' என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் யூகிக்கத்தான் முடியும். எந்த நேரத்தில், எந்த வேகத்தில் சூடாகிறது என்று சொன்னால் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறையும்.

அதற்கு, வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீருக்குள் போகிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் வழியைத் திறக்கிறது. ரேடியேட்டர் அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்தக் காற்றை ஓடும்போது வேகமும், நிற்கும்போது ஃபேனும் கொண்டுவருகின்றன. ஆக, நிற்கும்போது தேவை ஃபேன். ஓடும்போது தேவை ரேடியேட்டரின் கொள்ளளவும் தண்ணீரின் ஓட்டமும்.

சிக்னலில் சூடாகி, ஓடும்போது இறங்கினால்: மார்க்கெட் வாசலில் ஏறிய முள், ரிங் ரோட்டில் மோதி பாக் பக்கம் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இறங்குகிறதா? ரேடியேட்டரும் தண்ணீர் ஓட்டமும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். காற்றுதான் வரவில்லை. ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு, இந்த மூன்றையும் பாருங்கள்.

ஊருக்குள் சரியாக இருந்து, வேகமாகப் போகும்போது ஏறினால்: எக்ஸ்பிரஸ்வேயில் 80-ல் போனால் ஏறுகிறது, மெதுவாகப் போனால் இறங்குகிறது என்றால் ஃபேன் குற்றவாளி இல்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். அல்லது கீழ் ஓஸ் பைப் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். என்ஜினை ரேஸ் செய்யும்போது கீழ் ஓஸ் சப்பையாவது கண்ணுக்கே தெரியும்.

ஸ்டார்ட் செய்த ஐந்து, பத்து நிமிடத்திலேயே ஏறினால்: தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். தண்ணீர் மிகக் குறைவாக இருக்கலாம். உள்ளே காற்று அடைத்திருக்கலாம். ஹெட் கேஸ்கட்டும் இந்தப் பட்டியலில் வரும்.

மேட்டில் மட்டும் ஏறினால்: 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் எந்தப் பழைய காரும் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். சமதளத்துக்கு வந்ததும் முள் இறங்கினால் ரேடியேட்டர் அதன் எல்லையில் இருக்கிறது என்று பொருள். இறங்கவே இல்லை என்றால் மற்ற காரணங்களைத் தேடணும்.

மே, ஜூனில் மட்டும் ஏறினால்: ஒரு சின்னக் கணக்கு. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டைக் கொட்டும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. வெளிக்காற்று 46 ஆனால் வித்தியாசம் 44 மட்டும். அதாவது, அதே ரேடியேட்டர் மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடுகிறது. டிசம்பரில் பாதி அடைத்த ரேடியேட்டர் தப்பித்துக்கொள்ளும். மே மாதத்தில் மாட்டிக்கொள்ளும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள்

செலவே இல்லாததிலிருந்து தொடங்குவோம். காலையில், ராத்திரி முழுக்க நின்ற காரில் செய்யுங்கள்.

1. தண்ணீர் அளவு. மூடியைத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த நிறமா? மேலே எண்ணெய் மிதக்கிறதா? விரலால் மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

2. ரேடியேட்டர் மூடி. மிகச் சின்னப் பொருள், மிகப் பெரிய வேலை. 7 பிஎஸ்ஐ மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையை 100-லிருந்து ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்த 11 டிகிரியும் போச்சு. ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதால் மலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல மூடி இன்னும் அவசியம். ஆனால் 'பெரிசா போட்டா நல்லது' என்று 7-க்குப் பதில் 15 பிஎஸ்ஐ மூடி போடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று பிரிந்துவிடும். காரின் கையேட்டில் சொன்ன அளவே சரி.

3. ஃபேன் பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அமுக்கினால் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் தளர்வு. உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வழுக்குகிறது. பல பழைய கார்களில் இந்த ஒரே பெல்ட்தான் ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றுகிறது. முள் ஏறுவதோடு சார்ஜ் லைட்டும் மினுக்கினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

4. ரேடியேட்டரின் வெளிப்பக்கம். பூச்சி, தூசி, பிளாஸ்டிக் கவர், மடங்கிய தகடுகள். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கிரில்லில் மாட்டிய கூடுதல் ஃபாக் லைட், கிளப் பேட்ஜ்கள், பெரிய நம்பர் பிளேட் எல்லாமே காற்றைத் தடுக்கும். அழகுக்காக வைத்ததை ஒரு வாரம் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிற்பாடு ஏசி பொருத்திய காராக இருந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் ஏற்கெனவே சூடாக்கிய காற்றைத்தான் ரேடியேட்டர் பெறுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

5. வாட்டர் பம்ப். ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து ஒழுகிய தடம் தெரிந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. அந்தத் துளையை அடைப்பது தீர்வு இல்லை. அது எச்சரிக்கை சொல்லத்தான் இருக்கிறது.

6. மேல் ஓஸ் சோதனை. என்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். சட்டைக் கை, துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எல்லாம் ஃபேனிலிருந்து தள்ளியே இருக்கட்டும். சில நிமிடங்கள் ஓஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்கிறது. முள் மேலே போயும் ஓஸ் குளிராகவே இருந்தால் தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கிறது அல்லது தண்ணீர் ஓடவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ அதை எப்போதோ கழற்றி வீசிவிட்டார்கள்.

7. தெர்மோஸ்டாட்டை வேகவைத்துப் பார்ப்பது. கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். சமையலறை வெப்பமானி ஒன்று போதும். அதன் மேல் 82 என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கணும். தண்ணீர் கொதிக்கும்போதும் வாய் திறக்கவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்க வேண்டாம்.

8. ரேடியேட்டரின் உள்பக்கம். என்ஜினைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேட்டர் முகப்பில் வரிசையாக நகர்த்துங்கள். நடுவே சில இடங்கள் மட்டும் திடீரென்று குளிராக இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. நிலத்தடித் தண்ணீரை, போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றிய காருக்கு இதுதான் கதி. கெட்டிலில் படியும் அதே வெள்ளை உப்புதான் உள்ளேயும் படிகிறது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். மேல் தொட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம், உள்ளே கோர் மட்டும் மாற்றலாம்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதா?

வெளியே ஒழுகினால் தரையில் தடம் இருக்கும். கார் நிற்கும் இடத்தில் ராத்திரி ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஓஸ் இணைப்புகள், பம்ப், ரேடியேட்டர் அடி எங்கே சொட்டுகிறது என்று காலையில் தெரியும். காருக்குள் கால் மிதிக்கும் இடம் ஈரமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் கசிகிறது.

வெளியே எங்கும் தடம் இல்லை, ஆனால் வாரத்துக்கு ஒரு லிட்டர் காணாமல் போகிறது. இப்போதுதான் ஹெட் கேஸ்கட் பற்றிப் பேச நியாயம் வருகிறது. அப்போதும் நேராக இறக்கிவிட வேண்டாம். சாட்சியம் கேளுங்கள்:

- என்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? அதில் இனிப்பு வாசனை இருக்கிறதா?
- ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை படிந்திருக்கிறதா? குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் குளிர்காலத்தில் கொஞ்சம் நுரை வருவது உண்டு. ஆயில் குச்சியிலேயே அப்படி இருந்தால்தான் கவலை.
- ஆறிய என்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழிகள் நிற்காமல் வருகிறதா?
- கம்ப்ரஷன் டெஸ்டில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டுகிறதா?
- 'பிளாக் டெஸ்டர்' வைத்துப் பார்த்தார்களா? ரேடியேட்டர் வாயில் வைக்கும் கண்ணாடிக் குழாய் இது. சிலிண்டர் வாயு தண்ணீரில் கலந்தால் உள்ளே இருக்கும் நீலத் திரவம் மஞ்சளாகும்.

இதில் இரண்டு, மூன்று சேர்ந்து 'ஆமாம்' என்று வந்தால் ஹெட்டை இறக்கலாம். இறக்கியதும் கேஸ்கட் மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர் விளிம்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட் உள்ள மாருதி 800 போன்ற கார்களில் இது இன்னும் முக்கியம். அலுமினியம் சீக்கிரம் வளையும்.

கூலிங் எல்லாம் சரி, இன்னும் சூடாகுதே?

அப்படியானால் என்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

இக்னிஷன் டைமிங் முதல் சந்தேகம். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் சிபி பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய, இடைவெளி குறைந்து, ஸ்பார்க் தாமதமாகும். தாமதமாக எரியும் பெட்ரோல் தன் சூட்டை வேலையாக மாற்றாமல் வால்வுக்கும் எக்ஸாஸ்டுக்கும் கொடுக்கும். கார் சோம்பலாக இழுக்கிறது, கூடவே சூடாகிறது என்றால் டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கும் அட்வான்ஸ் குழாய் கிழிந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது கலவை. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் என்ஜின் சூடாகும். இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கும் இ-20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் எரிய, அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். புதிய கார்களில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும். துளை அளவு மாறாத பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதனால் கலவை சற்று 'லீன்' ஆகும். எத்தனால் பழைய ரப்பர் ஓஸ், பம்ப் டயஃப்ரம் ஆகியவற்றையும் பாதிக்கும். ஜெட் அளவையும் ரப்பர் பாகங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, பிரேக். விடாமல் உரசும் பிரேக்கோடு ஓடும் கார், எப்போதும் மேடு ஏறுகிற கார் மாதிரி. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு வீல்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

உங்கள் கார் எது?

அம்பாசடர்: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்தது. கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 மே வரை தயாரானது. சரோஜினி நகர் போன்ற அரசு ஊழியர் காலனிகளில் ஒரு காலத்தில் அதிகம் கண்ணில் பட்ட கார். பானெட்டுக்குள் இடம் தாராளம் என்பதால் மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் நீங்களே செய்யலாம்.

பிரீமியர் பத்மினி: ஃபியட் 1100-ன் இந்திய வடிவம், 1089 சிசி. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. பெல்ட்டின் இறுக்கத்தையும் ரேடியேட்டர் அடைப்பையும் முதலில் பாருங்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: 1960-களில் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தயாரித்தது. முன்பகுதி மொத்தமும் முன்னோக்கிச் சாயும் என்பதால் என்ஜினைச் சுற்றி நின்றே வேலை பார்க்கலாம்.

மாருதி 800: 1983 டிசம்பர் 14-ல் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். இதில் ஃபேன் மின்சாரத்தில் ஓடும். பெல்ட் வேலை இல்லை. சிக்னலில் சூடானால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, தெர்மோ சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். மோட்டாருக்கு நேராக பேட்டரி இணைப்பு கொடுத்தால் சுற்றுகிறதா? அப்படியானால் சுவிட்ச் அல்லது ரிலேதான் காரணம்.

பாகங்கள் தேடுகிறவர்களுக்கு டெல்லியில் பழைய முகவரி காஷ்மீரி கேட் வாகன உதிரிபாக மார்க்கெட். கழற்றிய பழைய பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயர் சொல்வதைவிட அது நம்பகமானது.

'தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்க' என்பது சரியா?

நம்ம ஊரில் அதிகம் கேட்கும் ஆலோசனை இதுதான். ஒரு நாள் தப்பிக்க உதவும். நிரந்தரமாகச் செய்தால் என்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில என்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும் அமைப்பு அவற்றில் உண்டு. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். சூட்டைக் குறைக்கச் செய்தது சூட்டைக் கூட்டும்.

தண்ணீரா, கூலன்ட்டா?

வெறும் தண்ணீர் சூட்டை நன்றாகவே சுமக்கும். ஆனால் துருவைத் தடுக்காது. கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும். ஆனால் கூலன்ட் கூடக் கூட கலவை சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். டெல்லியில் உறைபனிக்காகப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டப்பாவில் சொன்ன குறைந்தபட்ச அளவைப் பின்பற்றி, செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்கி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கடும் விஷம். தரையில் கொட்டிய கூலன்ட்டைத் தெருநாய்கள் நக்கினால் செத்துப்போகும். பழைய கூலன்ட்டை மூடிய கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு முன்: டெல்லி விதி என்ன சொல்கிறது?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்ததால், டெல்லி தேசியத் தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் ஓடத் தடை வந்தது. 2025 ஆகஸ்ட் 12-ல் இந்த வண்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. கார்புரேட்டர் காலத்துக் கார்கள் அதற்குள் வராது.

50 ஆண்டு தாண்டிய கார்களுக்குத் தனி வழி உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி அவற்றை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி, நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்துகள். கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஆபீஸ் போக முடியாது. 1964 முதல் டெல்லியில் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மேன் ரேலியில் கலந்துகொள்ளும் கனவு இருந்தால் இந்தப் பதிவைப் பற்றி விசாரியுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், காரை வெளியே எடுக்கும் முன் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. பதிவுச் சிக்கல் இருக்கும் காரை ஓட்டிச்சென்று காட்டுவதைவிட, மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதோ, டோயிங் வண்டியில் ஏற்றி அனுப்புவதோ பாதுகாப்பு.

மெக்கானிக்கிடம் என்ன சொல்லணும்?

மொபைலில் ஒரு குறிப்பு வையுங்கள். தேதி, ஓடோமீட்டர் அளவு, வெளி வெப்பம், எங்கே ஏறியது, எந்த வேகத்தில் இறங்கியது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், மேல் ஓஸ் எப்படி இருந்தது. நான்கு ஓட்டங்களுக்கு இப்படி எழுதினாலே ஒரு வடிவம் தெரியும். 'சிக்னல்ல மட்டும் ஏறுது, ஓடினா இறங்குது, தண்ணி குறையல, பெல்ட் தளர்ந்திருக்கு' என்று நீங்கள் சொன்னால், ஹெட்டை இறக்குவது பற்றிய பேச்சே அங்கே எழாது.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் அதே ரோட்டில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். மூடி, தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர் நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் கார் சரியாகலாம், எதனால் சரியானது என்பது மட்டும் தெரியாது. அடுத்த மே மாதம் முள் மறுபடி ஏறும்போது முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.